வரி ரசீது பத்திரம் ஆகாது

கேள்வி: மாமனார் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் மாடியில் இருக்கிறோம். கீழே முன்பக்கக் கடையின் வாடகை 4,500 ரூபாயை மாதாமாதம் கொழுந்தனார் வாங்கிக்கொள்கிறார். மாமனாரும் மாமியாரும் காலமாகிவிட்டார்கள், உயில் இல்லை. நகராட்சி வரி அரையாண்டுக்கு 4,200. அதில் கடைக்கு மட்டும் 2,600 என்றார் பில் கலெக்டர். மூன்று வருடப் பாக்கிக்கு நோட்டீஸ் வந்ததும் என் செயினை அடகுக்கடையில் 2 வட்டிக்கு வைத்து 30,000 கட்டினேன். 14 மாதம் ஆகிறது, மீட்கவில்லை. "ரசீது நம்மிடம் இருந்தால் வீடு நமக்குத்தான்" என்கிறார் கணவர். பொங்கலுக்கு நாத்தனார் வந்தபோதும் இதைப் பேச முடியவில்லை. அக்டோபர் வரிக்கு வளையலை வைக்கலாமா? மகன் மாதம் 500-க்கு டிஜிட்டல் தங்கம் சேர்க்கச் சொல்கிறான்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: வளையலைத் தொடாதீர்கள். செயினுக்கு மாதம் 600 ரூபாய் வட்டி என்றால் 14 மாதத்துக்கு 8,400. உங்கள் ஓராண்டு வரியே அவ்வளவுதான்! நகராட்சி பாக்கிக்குப் போடுவது மாதம் 1 சதவீதம் வட்டி. அதை அடைக்க 2 வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். நோட்டீஸ் வரும்வரை விட்டுவிட்டு அப்புறம் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் உங்களைக் கடிக்கிறது, வரி அல்ல.

அடுத்தது ரசீது. வரி ரசீதை எத்தனை வருடம் சேர்த்து வைத்தாலும் அது உரிமைப் பத்திரம் ஆகாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்து வாரிசுச் சட்டப்படி வீடு மூன்று பங்கு: கணவர், கொழுந்தனார், நாத்தனார். கடிதத்தில் நாத்தனார் பொங்கலுக்கு வந்துபோகும் விருந்தாளி. சட்டத்தில் அவருக்கும் சரிபாதி... இல்லை, சரிமூன்றில் ஒன்று.

கொழுந்தனார் அரையாண்டில் வாங்கும் வாடகை 27,000. அந்தக் கடைக்கான வரி 2,600-ஐ நகை வைத்து நீங்கள் கட்டுகிறீர்கள். இதை அவரிடம் கேட்பது சண்டை அல்ல, கணக்கு. நாத்தனாரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். மறுத்தால் வரியைக் கட்டாமல் விடாதீர்கள், பாக்கி வீட்டின் மேல்தான் ஏறும். கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாகப்பிரிவினையின்போது வரியில் அவர் பங்கைக் கேட்க அந்த ரசீது உதவும், அதற்கு மட்டும். கையோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் வரிப் பதிவேட்டில் மூவர் பெயரையும் ஏற்ற மனுக் கொடுங்கள்.

செயினை வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் என்றாலும் மாதம் 250 ரூபாய்தான். மிச்சமாகும் 350-ஐ அசலில் போடுங்கள். டிஜிட்டல் தங்கமா? தங்கம் அடகில் கிடக்க, வட்டியும் கட்டிக்கொண்டு, செயலியில் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. கொடுத்துப் புதுத் தங்கம் வாங்குவது என்ன கணக்கு என்று மகனிடமே கேளுங்கள். அந்த 500 மாதாமாதம் வங்கியில் ஆர்.டி.யாகப் போகட்டும், ஆறு மாதத்தில் 3,000 சேரும். வீட்டுப் பகுதிக்கான 1,600 அதிலேயே வந்துவிடும். கொழுந்தனார் கைவிரித்தாலும் நீங்கள் தேட வேண்டியது ஆயிரத்துச் சொச்சம்தான்.

பாக்கி இல்லாமல் அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. 4,200-க்கு 210 ரூபாய். ஏப்ரல் 30-க்குள் கட்டினால் அந்த அரையாண்டுக்கும் அதே சலுகை. வரியும் அவ்வப்போது உயரலாம் என்பதால் ஆர்.டி. தொகையையும் வருடா வருடம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.