ரத்தம் பட்டது, படுக்கட்டுமா? மகப்பேறு மருத்துவரிடம் கேள்வி பதில்

நாள் தள்ளி ஐந்து நாள் ஆகிறது டாக்டர். கார்டில் இரண்டு கோடு வந்தது. இன்று காலை பழுப்பாக லேசாகப் பட்டது. கலைந்துவிடுமா?

முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படிப் படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. பழுப்பு நிறம் என்றால் பழைய ரத்தம், மெதுவாக வெளியே வருகிறது. மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டி, கரு கர்ப்பப்பைச் சுவரில் பதியும் சமயத்தில் இரண்டொரு நாள் இப்படிச் சொட்டலாம். சில நேரம் காரணமே தெரியாமல் நின்றும்விடும்.

ஆனால் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும்வரை எந்தக் கசிவையும் ‘சாதாரணம்’ என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களுக்கு இன்னும் ஐந்து வாரம்கூட முடியவில்லை, இப்போது ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்சிஜி, அதாவது ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, எப்போது ஸ்கேன் என்று அவர் சொல்வார்.

ஒன்பது வாரம். குழந்தையின் துடிப்பு பார்த்தாயிற்று. உறவுக்குப் பிறகு சிவப்பாகக் கொஞ்சம் பட்டது.

கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாய்க்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. லேசாக உரசினாலே கசியும். உள்வழி ஸ்கேன் எடுத்த அன்றும் சிலருக்கு இப்படி ஆகும். குழந்தை இருக்கும் இடம் அதுவல்ல, உங்கள் கணவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அங்கே சதை வளர்ச்சியோ நோய்த்தொற்றோ இருந்தாலும் கசியும் என்பதால் டாக்டர் ஒருமுறை பார்ப்பது நல்லது. கசிவு நிற்கும்வரை தள்ளி இருங்கள்.

பப்பாளி இரண்டு துண்டு சாப்பிட்டேன், மறுநாள் பட்டது.

பழுத்த பப்பாளி காரணம் இல்லை. பால் வடியும் காயைத் தவிருங்கள்.

அன்னாசி? எள்ளுருண்டை?

சாப்பிட்ட ஒரு துண்டு எதையும் கலைக்காது. முதல் மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைகிறது. சமையலறையில் காரணம் தேடாதீர்கள்.

ஏழு வாரம். மாமியார் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டேன் என்கிறார். எத்தனை நாள் படுக்க வேண்டும்?

ஒரு நாளும் வேண்டாம். படுத்திருந்தால் கரு தங்கும் என்று ஆய்வுகள் எதுவும் நிரூபிக்கவில்லை. கர்ப்பத்தில் ரத்தம் ஏற்கெனவே எளிதில் உறையும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்துதான் கூடும்.

என்னை மூன்று மாதம் படுக்க வைத்தார்கள். மகனுக்கு இப்போது ஆறு வயது. நீங்கள் எப்படி இப்படிச் சொல்லலாம்?

மகனுக்கு என் வாழ்த்து. நடமாடியிருந்தாலும் அநேகமாக அவன் பிறந்திருப்பான். படுக்காமல் பெற்றவர்கள் யாரும் அதைக் கதையாகச் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம்.

அப்புறம் ஏன் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள்?

வெறுங்கையோடு அனுப்பினால் நீங்கள் அடுத்த கிளினிக்குக்குப் போவீர்கள். கலைந்துவிட்டால் ‘டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை’ என்று வீடே பேசும். படுக்கச் சொல்வது எங்களுக்கு வசதி.

டாக்டர், நான் கெஞ்சித்தான் அந்தச் சீட்டை வாங்கினேன். அதைக் காட்டிய பிறகுதான் வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதிலிருந்து விட்டார்கள்.

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. வாந்தியும் அசதியுமாக இருப்பவளுக்கு ஓய்வு வேண்டும்தான், ரத்தம் பட்டாலும் படாவிட்டாலும். அதைக் கேட்டு வாங்க ஒரு மருத்துவக் காரணம் தேவைப்படுகிறது என்றால் நானும் எழுதித் தருவேன். கரு தங்குவதற்காக என்று மட்டும் எழுத மாட்டேன்.

முன்பு இரண்டு முறை கலைந்தது. இப்போதும் படுகிறது. புரொஜெஸ்டிரோன் போடலாமா?

கர்ப்பம் தங்க உதவும் ஹார்மோன் அது, உங்களுக்குப் பொருந்தும். பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘பிரிசம்’ ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ரத்தம் பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான பலன் இல்லை. ஏற்கெனவே கலைந்த அனுபவம் உள்ளவர்களுக்குப் பலன் தெரிந்தது. உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். முதல் கர்ப்பம், லேசாகப் பட்டது என்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

கருப்பைக்கு அருகே ரத்தக்கட்டு என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறது.

பெரும்பாலும் கருவைச் சுற்றிய சவ்வுக்கும் கர்ப்பப்பைச் சுவருக்கும் நடுவில் தேங்கிய ரத்தத்தைத்தான் அப்படி எழுதுவார்கள். சிறியது பெரும்பாலும் தானாகக் கரையும். ஆனால் ‘அருகே’ என்றால் உள்ளேயா, வெளியேயா என்று இன்றைக்கே டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் ரத்தம் நெகட்டிவ் வகை.

கசிவு கண்டதும் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

பெட் ரெஸ்ட் எத்தனை நாள் மேடம்?

மேலே சொல்லியாயிற்று.

வலது அடிவயிற்றில் மட்டும் குத்துகிறது. தோளிலும் வலி, தலை சுற்றல். படுவது கொஞ்சம்தான்.

படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருமுட்டைக் குழாயில் தங்கியிருந்தால் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும், வெளியே சொட்டுதான் தெரியும். தனியாகப் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். இது எல்லோருக்கும்.

ரத்தம் பட்டால் ஆண் குழந்தை என்கிறார்களே?

ரத்தத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தாலும் சொல்வது 1994 சட்டப்படி குற்றம்.

நான்கு நாளாக லேசாகப் படுகிறது. ஸ்கேன் எடுக்கவில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்றாலும் படுத்தேதான் இருக்கிறேன். சரிதானே?

எழுந்து ஸ்கேன் எடுக்கப் போங்கள்.