பனிக்கால பிராக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிராக் நகரைச் சுற்றிப் பார்க்க டிசம்பர் கடைசி வாரம் நல்லதா, ஜனவரி நடுவா? மூன்று நாள்தான் கையில் இருக்கிறது.

பதில்: கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போகிறீர்கள் என்றால் டிசம்பர். நகரத்துக்காக என்றால் யோசிக்காமல் ஜனவரி நடு. பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். அதுவரை கூட்டமும் குறையாது, அறை வாடகையும் இறங்காது.

டிசம்பரில்தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். செக் மக்களுக்குப் பண்டிகை 25 அல்ல, 24-ஆம் தேதி மாலை. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று நண்பகலோடு மூட வேண்டும் என்பது அங்கே சட்டம். 25, 26, ஜனவரி 1 ஆகிய நாள்களில் அவை திறப்பதே இல்லை. ரொட்டி, பழம், தயிர் எல்லாம் 23-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள். (அந்த வாரம் தெருமுனைகளில் பெரிய தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். பண்டிகைச் சாப்பாட்டுக்குக் கெண்டை மீனை உயிரோடு விற்கிறார்கள்.)

வெள்ளைப் போர்வை போர்த்திய பிராக் படங்களை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். ஜனவரிச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்பதால், பனி விழுந்தாலும் பல நேரம் மழையாகவும் சேறாகவும் கரைந்துவிடும்.

கேள்வி: இருட்டுவதற்குள் எல்லாம் பார்த்துவிட முடியுமா? எந்த வரிசையில் போவது?

பதில்: டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாள்களில் சூரியன் காலை 8 மணிக்கு வந்து மாலை 4 மணிக்குப் போய்விடும். பிப்ரவரி தொடக்கத்தில்கூட ஐந்துக்கு முன்பே அஸ்தமனம். பிராக்கில் இடங்களுக்கு இடையே தூரம் அதிகமில்லை. குறைவாக இருப்பது வெளிச்சம்தான். பலர் காலை உணவைப் பத்து மணி வரை இழுத்துவிட்டு, கோட்டை வாசலில் மூன்றரை மணிக்குப் போய் நிற்கிறார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை பிராக் கோட்டைக் கட்டடங்கள் காலை 9 முதல் மாலை 4 வரைதான் திறந்திருக்கும். புனித விட்டுஸ் பேராலயத்தில் கடைசி அனுமதி அதற்கு 20 நிமிடம் முன்பே முடியும். ஆகவே ஏழரை மணிக்கு, விடியுமுன், சார்லஸ் பாலத்தில் இருங்கள். 1357-இல் தொடங்கிக் கட்டிய 516 மீட்டர் பாலம். பகலில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத இடம் அந்நேரம் ஏறக்குறைய காலியாக இருக்கும். மறுகரையில் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22-ஆம் எண் டிராம் ஏறி, ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை வாசலுக்குச் சமதளத்தில் ஐந்து நிமிட நடை. நுழைவுச்சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாள்களுக்குச் செல்லும். ஒரே நாளில் ஓடி முடிக்க அவசியமில்லை. பேராலயத்துக்குள் வெயில்கால உடையோடு நுழைந்தவர்போல நடுங்குவீர்கள், மேலங்கியைக் கழற்றாதீர்கள். 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்த கட்டடம் அது. அவசரமாகப் பார்ப்பது நியாயமில்லை.

அடுத்து, பூட்டுகள். சனிக்கிழமை யூத அருங்காட்சியகம் விடுமுறை. யூதர் பகுதியின் ஜெப ஆலயங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் அதில் அடக்கம். ஞாயிறு காலை பேராலயத்தில் வழிபாடு, பார்வையாளருக்கு நண்பகலுக்குப் பிறகுதான் கதவு. திங்களன்று தேசிய ஓவியக் கூடம் மூடல். வெள்ளி இரவு வந்து திங்கள் இரவு கிளம்புகிறவர்கள் மூன்றிலும் மாட்டிக்கொள்ளலாம். சனி கோட்டை, ஞாயிறு காலை யூதர் பகுதி, மதியம் ஓவியக் கூடம், திங்கள் வீதிகள் என்று வைத்தால் எதுவும் தவறாது. கோட்டைத் தோட்டங்களைத் தேட வேண்டாம், குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும்.

நான்கு மணிக்குப் பிறகு அறைக்குத் திரும்பாதீர்கள். கோட்டை வளாகம் இரவு 10 வரை திறந்தே இருக்கும். கட்டடங்கள் மூடியபின் பொன் தெருவுக்குள் சீட்டு இல்லாமலே போகலாம். குட்டி வீடுகளின் உள்ளே நுழைய முடியாதுதான். ஆனால் 1916–17-இல் நாவலாசிரியர் காஃப்கா எழுதிக்கொண்டிருந்த 22-ஆம் எண் வீட்டின் முன் விளக்கொளியில் தனியே நிற்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கல் பாவிய தெருக்கள் வழுக்கும் என்கிறார்கள். காலணி, உடை எப்படி இருக்க வேண்டும்?

பதில்: ஏறும்போது விழுபவர் குறைவு, இறங்கும்போதுதான் ஆபத்து. கோட்டையிலிருந்து இறங்கும் படிகளையும் நெருடோவா தெருச் சரிவையும் உறைபனி நாளில் அம்மா தவிர்க்கட்டும்; வந்த 22-ஆம் எண் டிராமிலேயே திரும்புங்கள். நடைபாதைகளில் சதுரங்க அட்டைபோலப் பதித்த சிறு கற்கள், பல்லாண்டு மிதிபட்டு மெருகேறியவை. உறைய வேண்டும் என்றில்லை, ஈரமானாலே வழுக்கும்.

ஆழமான வரிகள் கொண்ட, மிருதுவான ரப்பர் அடிப்பாகமுள்ள, கணுக்காலை மூடும் நீர்புகாக் காலணி வேண்டும். கடினமான பிளாஸ்டிக் அடிப்பாகம் குளிரில் மேலும் இறுகி, பிடிப்பை இழக்கும். தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல்களை அசைக்க முடிய வேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள்.

உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே ஃபிளீஸ் என்ற மென்மையான வெப்பத் துணி, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத கோட்டு. பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். டிராமின் வெப்பத்திலிருந்து ஆற்றங்கரைக் காற்றுக்கு வந்ததும் அந்த ஈரம்தான் நடுக்கும்.

கேள்வி: குளிரில் என் கைப்பேசி 40 விழுக்காட்டிலேயே அணைந்துவிடுகிறது. பழுதா?

பதில்: பழுது அல்ல. குளிரில் லித்தியம் மின்கலத்தின் உள்தடை கூடி மின்னழுத்தம் சட்டென்று விழுவதால் கைப்பேசி தன்னை அணைத்துக்கொள்கிறது. சட்டையின் உள்பையில் வையுங்கள், சூடேறியதும் மிச்சம் திரும்பும். கேமராவை மட்டும் வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோகுமுன் பையில் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்சில் நீர் படியும்.

கேள்வி: பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்தில் அரை நிமிட பொம்மலாட்டம் தவிர என்ன இருக்கிறது?

பதில்: 1410-ஆம் ஆண்டுக் கடிகாரத்தை அப்படித் தள்ளிவிடாதீர்கள். காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்) பொம்மைகள் வலம் வரும். அது முடிந்து கூட்டம் கலையும் ஐந்தாவது நிமிடத்தில் முகப்பருகே போங்கள். ரோமன் எண்கள் வழக்கமான மணி. கோடைகால நேரத்துக்கு மாற்றுவதில்லை என்பதால் குளிர்காலத்தில்தான் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகும். வெளியே கறுப்பு வளையத்தில் பொன்னெழுத்தில் 1 முதல் 24 வரை இருப்பது பழைய பொஹிமிய நேரம். சூரியன் மறையும்போது 24, அங்கிருந்து புதிய நாள். அஸ்தமனம் தள்ளிப்போகப் போக வளையமும் நகரும். டிசம்பர் கடைசியில் நண்பகல் 12 மணிக்குப் பொற்கை 20-ஐ ஒட்டி நிற்கும். இன்னும் நான்கு மணி நேர வெளிச்சம் மிச்சம் என்று பொருள்.

கேள்வி: யூரோ செல்லுமா? பணம் எங்கே மாற்றுவது?

பதில்: நாணயம் செக் கொருனா. சில கடைகள் யூரோ வாங்கினாலும் அவர்கள் வைத்ததே விலை. ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைப் பார்க்காமல், உங்கள் நோட்டுக்கு எத்தனை கொருனா கையில் வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால், 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்துசெய்யும் உரிமை 2019 முதல் உண்டு, ரசீது அவசியம். தெருவில் அணுகுபவரிடம் மாற்றவே கூடாது. ஏ.டி.எம். ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?’ என்று கேட்டால் மறுத்து, கொருனாவையே தேர்ந்தெடுங்கள்.

டிராம், மெட்ரோ காகிதச் சீட்டை முதல் ஏற்றத்தில் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். டிராமுக்குள் அட்டையால் வாங்கும் சீட்டுக்கு மட்டும் முத்திரை தேவையில்லை.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ‘பெஸ் மாசா’ என்றால் இறைச்சி இல்லாமல். ‘ஸ்மஜெனி சீர்’ என்ற வறுத்த பாலாடைக்கட்டி எல்லா இடத்திலும் உண்டு. இறைச்சி வறுத்த அதே எண்ணெயா என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு, பூண்டு சூப்புகளை நம்பிக் குடிக்காதீர்கள், பல சமயம் இறைச்சிச் சாறுதான். அசைவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய நகரச் சதுக்கத்துக் கடைகளில் பன்றித் தொடைக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு; கேட்காமலே கால் கிலோ வெட்டி வைப்பார்கள்.

கேள்வி: பிராக்குக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-இல் பிறந்தது இந்த நகரில்தான். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே தமிழ் கற்பித்தவர். அதன் கலைப்புலக் கட்டடம் யான் பலாக் சதுக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. யூதர் பகுதியிலிருந்து வெளியே வந்தால் சில நிமிட நடைதான்.