கோத்தகிரிப் பையனும் ஸ்டீபிள்சேஸும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். அக்காவும் மாமாவும் கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார்கள். மாவட்டப் போட்டியில் 3000 மீட்டரில் முதலாவதாக வந்தான். கோவையில் அவனைப் பார்த்த ஒரு கோச், தடைகளையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸுக்குச் சரியான உடம்பு என்றாராம். அன்றிலிருந்து வாசலில் கட்டை வைத்துத் தாண்டிக்கொண்டிருக்கிறான். மாமாவோ படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்தின் நான்கு வருட அக்னிவீர் வேலைக்குத் தயாராகு என்கிறார். இதில் எதிர்காலம் உண்டா? தண்ணீர்த் தொட்டியே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

முதலில் அந்தக் கட்டையை வாசலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சிமெண்டுத் தரையில் திரும்பத் திரும்பக் குதித்து இறங்கினால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி பிடிக்கும். பொறுத்துக்கொண்டு ஓடினால் எலும்பில் கீறல் விழும், ஒரு சீசனே போய்விடும்.

3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 28 தடைகள், 7 தண்ணீர்த் தாண்டல்கள். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 செ.மீ. ஒவ்வொன்றும் 80 முதல் 100 கிலோ எடை. இடித்தால் அது விழாது, ஓடுகிறவன்தான் விழுவான். ஆனாலும் கடைசி இரண்டு சுற்றில் பையன்கள் தடுமாறுவதற்குத் தாண்டத் தெரியாதது காரணமல்ல. கால் ஓய்ந்துபோகிறது, தடைக்கு முன்னால் அடி தப்புகிறது, குறுக்கடி வைத்து வேகம் சாகிறது. ஆகவே இந்த வயதில் ஓட்டம்தான் முக்கியம். தாண்டல் வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

தொட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டும் மணல் குழி இருக்குமே, அது போதும். தண்ணீர்த் தொட்டியின் நீளம் 3.66 மீட்டர், அதாவது 12 அடி. குழியின் விளிம்பில் தடையை வைத்து, 12 அடியில் ஒரு கயிறு போடுங்கள். தடை 60 செ.மீ.யில் தொடங்கட்டும். பிறகு பெண்களுக்கான உயரமான 76.2, கடைசியாக 91.4. மேலே ஏறி மிதிக்கும் கட்டை துளியும் ஆடக்கூடாது. இரண்டு பக்கமும் அண்டை கொடுத்து இறுக்க வேண்டும். மிதிக்காமல் தாண்டிப் பழகுவதற்கோ பட்டால் விழுந்துவிடும் மூங்கில் போதும், அதையும் புல் தரையில் வையுங்கள்.

மிதிக்கும் பாதத்தைக் கவனியுங்கள். உண்மையான தடையின் மேல்முகம் 12.7 செ.மீ. அகலம்தான். பாதத்தின் முன்பாதி அதில் பட வேண்டும், முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். கட்டைமேல் நிமிர்ந்து நின்றுவிட்டால் உடம்பு மேலே எழும்பி, நேர்கீழே விழும். தடையை ஒட்டித்தான் தண்ணீர் ஆழம். அங்கே இரண்டு காலும் இறங்கினால் ஓட்டம் நின்றேபோகும், அதுவும் ஏழு தடவை. முன்னோக்கித் தள்ளி, கயிற்றுக்கு ஓர் அடி முன்னால் ஒரு கால் இறங்கி, அடுத்த கால் கயிற்றுக்கு அப்பால் விழ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தாண்டல் போதும். இரண்டு காலிலும் மாற்றி மாற்றிப் பழகட்டும். கூட்டத்துக்குள் ஓடும்போது எந்தக் கால் முன்னால் வருமென்று சொல்ல முடியாது.

மலையில் பிறந்தது அவனுக்குப் பெரிய பலம். ஆனால் உயரத்தில் உடம்பு ரத்தம் ஊறவைக்க இரும்புச்சத்து வேண்டும். எஸ்டேட் வீடுகளில் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பார்கள். அந்த டீ, கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாமல் நேரம் கூடிக்கொண்டே போகும் பல பிள்ளைகளுக்கு அங்கேதான் கோளாறு. இன்னொன்று, சென்னையில் மே மாதம் போட்டி என்றால் முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறி இறங்கி ஓடக்கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக பத்து நாளாவது வேண்டும். கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

மாமாவின் கவலை நியாயமானது. ஆனால் அவசரம் வேண்டாம். இந்திய ஸ்டீபிள்சேஸ் வீரர் அவினாஷ் சாப்ளே மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்து ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் ராணுவத்தில் சேர்ந்தார். ஸ்டீபிள்சேஸ் பக்கம் வந்ததே இருபது வயதைக் கடந்த பிறகு. 2018இல் புவனேஸ்வரில் 8 நிமிடம் 29.80 விநாடியில் ஓடி, கோபால் சைனி 1981இல் வைத்த தேசிய சாதனையை உடைத்தார். 2022 காமன்வெல்த்தில் வெள்ளி, 2023 ஆசிய விளையாட்டில் தங்கம். 2024இல் பாரிஸ் டயமண்ட் லீகில் 8:09.91. பதினாறில் தொடங்காததால் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

அக்னிவீருக்குப் பதினேழரை வயது ஆக வேண்டும். அதற்குள் பிளஸ் டூவையும் முடித்துவிடலாம். நான்கு வருடம் கழித்து நால்வரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ராணுவம், ரயில்வே இரண்டுக்கும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு வேலையிலும் 3 சதவீதம் இருக்கிறது. இப்போதைக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வுக்கு அனுப்புங்கள். மூன்று வேளைச் சாப்பாடும் கோச்சும் டிராக்கும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்தக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். ஸ்பைக் ஷூ வாங்கவும் போய்வரவும் பணம் இல்லையென்றால் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்து, அப்பாவின் இனிஷியல், பிறந்த தேதி மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இந்த விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள். தேர்வு நாளன்று திருத்த முடியாது.