பழைய நாணயத்தில் வி.எஃப். (வெரி ஃபைன்), எக்ஸ்.எஃப். (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) தரங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய காசு வாங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகம்தான் இது. புழக்கத்தில் நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்வதுதான் தரம். 70 புள்ளி அளவுகோலில் 20 முதல் 35 வரை வி.எஃப்., 40-ம் 45-ம் எக்ஸ்.எஃப்.

கை பட்டுப் பட்டு முதலில் தேய்வது மேடான இடங்கள். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் என்றால் மன்னரின் காது, கிரீடம், அங்கியில் இருக்கும் குட்டி யானை (1911-இல் அது பன்றி மாதிரி இருக்கிறதென்று பெரிய பேச்சாகி, அடுத்த வருடமே வடிவத்தை மாற்றினார்கள்). மேட்டின் நுனி மட்டும் லேசாக மழுங்கி உள்கோடுகள் தெளிவாக நின்றால் எக்ஸ்.எஃப்.; உருவம் நன்றாகத் தெரிந்தும் நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் வி.எஃப்.

சரி, சிக்கல் எங்கே என்றால், தேயாமலேயே மழுங்கலாகத் தெரியும் காசுகளும் உண்டு. அச்சில் மாவை அழுத்தாமல் எடுத்த கொழுக்கட்டையில் பூ வேலை பாதிதான் விழும், அதை யாரும் தேய்க்கவில்லை. நாணயத்திலும் அச்சு சரியாக இறங்காவிட்டால் அதே கதைதான். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்புங்கள்: தேய்ந்த மேடு வழவழவென்று நிறம் மாறித் தெரியும், அச்சு இறங்காத இடத்தில் பழைய மினுக்கு இன்னும் ஓடும். அதே உயரமுள்ள மற்ற மேடுகள் கூர்மையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம், பளபளப்பாக இருந்தால் உயர்ந்த தரம் என்று நினைக்காதீர்கள், புளி போட்டுத் தேய்த்த காசும் பளபளக்கத்தான் செய்யும், விலைதான் பாதாளத்துக்குப் போகும்.