லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கல் நண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஷெப்பி தீவில் கிடைக்கும் நண்டுப் புதைபடிவங்கள் இவ்வளவு முழுமையாக இருப்பது எப்படி?

பதில்: தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள அத்தீவின் கரைமேடு, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுள்ள 'லண்டன் களிமண்' படிவால் ஆனது. சேற்றில் புதைந்த நண்டைச் சுற்றிப் பாஸ்பேட் விரைவிலேயே இறுகி உருண்டைக்கல்லானதால், பின்னர் மேலே படிந்த மண்ணின் பாரத்தில் ஓடு நசுங்கவில்லை. அலை கரைமேட்டை அரிக்க அரிக்க, அந்த உருண்டைகள் கடற்கரையில் உதிர்கின்றன.

கேள்வி: அவை இறந்த நண்டுகளா, கழற்றிப் போட்ட ஓடுகளா?

பதில்: இரண்டும் உண்டு. ஒரே நண்டு வளர்கையில் பல ஓடுகளைக் கடலடியில் விட்டுச்செல்லும் என்பதால், இழுப்பறையில் 10 மாதிரிகள் இருந்தால் 10 நண்டுகள் மடிந்தன என்று எண்ணிவிடக் கூடாது. ஓடு மாற்றும்போது முதுகோட்டின் பின்விளிம்பு பிளந்து திறக்க, நண்டு பின்புறமாக வெளியேறும்; ஆகவே முதுகோடு பெட்டி மூடியைப்போலத் தூக்கி நின்றால் அது கழற்றிய ஓடு என்று ஐயுறலாம். கால்களும் அடியோடும் உரிய இடத்தில் பொருந்தியிருந்தால் இறந்த உடல் எனக் கருதலாம். ஆயினும் அழுகும் உடலும் அதே மூட்டில்தான் நெகிழும் என்பதால், ஒற்றை மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணிவதில்லை.

கேள்வி: உலகின் மிகப் பழைய நண்டு லண்டன் அருங்காட்சியகத்தில்தான் உள்ளதா?

பதில்: அப்படித்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. யார்க்‌ஷயரில் கிடைத்த, சுமார் 19 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஈயோகார்சினஸ் என்ற புதைபடிவத்தை, அந்த அருங்காட்சியகத்தின் டாமஸ் ஹென்றி விதர்ஸ் 1932இல் விவரித்தார். அதன் வயிற்றுப்பகுதி இன்றைய நண்டினுடையதைப்போல் ஒடுங்கவில்லை, சிக்கல் அங்கேதான். 2010இல் ஓர் ஆய்வு அதை நண்டுக் குலத்திலிருந்தே விலக்கியது. 2020இல் மற்றோர் ஆய்வு நண்டுகளின் மூதாதைக் கிளையில் சேர்த்தது. எனக்குப் பின்னதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கேள்வி: படகின் அடியில் ஒட்டும் கொட்டலசும் நண்டு சேரும் பிரிவிலா வரும்?

பதில்: ஆம், அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவே. சுண்ணாம்பு ஓட்டைக் கண்டு அதைச் சிப்பியினம் என்றே நெடுநாள் நம்பினர். 1830இல் இயற்கை ஆய்வாளர் வாகன் தாம்சன் அதன் இளம்புழுவை ஆராய்ந்து உண்மையை வெளிப்படுத்தினார். டார்வின் 1846 முதல் 1854 வரை இவற்றிலேயே மூழ்கியிருந்து, புதைபடிவக் கொட்டலசுகளைப் பற்றியும் தனியே இரு நூல்கள் எழுதினார். மேற்சொன்ன விதர்ஸும் அருங்காட்சியகத்தின் கொட்டலசுப் புதைபடிவங்களுக்கு மூன்று தொகுதிகளில் பட்டியல் வகுத்தார்.

கேள்வி: என்னிடமுள்ள ஷெப்பி நண்டின்மீது வெண்பொடி பூக்கிறது. கழுவலாமா?

பதில்: வேண்டாம். உள்ளிருக்கும் பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம் ஈரக்காற்றில் சிதைந்து, கந்தக அமிலத்தையும் இரும்பு சல்பேட்டையும் உண்டாக்குவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். பொடியை உலர்ந்த தூரிகையால் நீக்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில், மற்ற மாதிரிகளிலிருந்து விலக்கி வையுங்கள்; பெயர்ச்சீட்டையும் அதனோடு ஒட்டி வைக்காதீர்கள், அமிலம் காகிதத்தையும் அரித்துவிடும்.