முட்டி மடங்காவிட்டால் யோகா கிடையாதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 63 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருக்கிறது. பி.பி., சுகர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறேன். பக்கத்துத் தெருவில் யோகா வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள் என்று ஆசையாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் வஜ்ராசனத்தில் உட்காரச் சொன்னார்கள். வலிக்கிறது என்றேன். "போகப் போகச் சரியாகிவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்" என்றார்கள். உட்கார்ந்தேன். அன்று இரவே வலது முட்டி வீங்கி ஒரு வாரம் நடக்க முடியவில்லை. என் கணவருக்கு 70 வயது, பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையை முழுசாகத் தூக்க வராது. நான்காம் வகுப்பு படிக்கும் பேரனும் எங்களோடுதான் இருக்கிறான். மூன்று பேரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது உண்டா? இல்லை, எங்களுக்கெல்லாம் இனி யோகா ஒத்துவராதா?

பதில்: ஒத்துவரும் அம்மா, மூன்று பேருக்குமே ஒத்துவரும். உங்கள் முட்டிக்கு ஒத்துவராதது வஜ்ராசனம்தான். மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரும்போது முழங்கால் அதன் கடைசி எல்லை வரைக்கும் மடங்குகிறது, மூட்டுக்குள் அழுத்தம் நன்றாக ஏறிவிடும். குருத்தெலும்பு நன்றாக இருப்பவர் தாங்கிக்கொள்வார். தேய்ந்த மூட்டு தாங்காது, எரிச்சல் கண்டு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுதான். வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதுதான் அந்த வகுப்பில் மிகச் சரியான பேச்சு, அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். வீக்கம் இன்னும் இருந்தால், அல்லது முட்டி சூடாகச் சிவந்திருந்தால், முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சப்பணம் போட்டு உட்கார்ந்தால்தான் யோகா என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989) தம் பிற்காலத்தைச் சென்னையில் கழித்தவர். நோயாளிகள், வயதானவர்கள், குழந்தைகள் என்று அவரவர் உடம்புக்குத் தகுந்த மாதிரி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையிலேயே தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்திலும் அதே வழிதான், ஆளைப் பார்த்துத்தான் ஆசனம். ஆகவே நாற்காலியில் செய்வதை யாராவது அரைகுறை யோகா என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் விபத்து நடக்கிறது. என் அம்மா மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பயிற்சி செய்துவிட்டு எழுந்திருக்கும்போது, நாற்காலியின் பின்கால்கள் அப்படியே வழுக்கிப் பின்னால் போய்விட்டன, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். அந்த நாற்காலிகள் இலேசானவை, வருடக்கணக்கில் தேய்ந்து காலடி வழவழப்பாகியிருக்கும். கனமான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ இருந்தால் அதை எடுங்கள், முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், தரை ஈரமாக இருக்கக் கூடாது. பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும், எட்டவில்லையென்றால் ஒரு மணைப்பலகையைக் கீழே வையுங்கள். சாய்ந்துகொள்ளாமல் இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள், உங்கள் கணவர் மட்டும் முதுகைச் சாய்த்தே உட்காரட்டும்.

முதல் இரண்டு நிமிடம் எதுவும் செய்ய வேண்டாம். பாதம் தரையில் பட்டிருக்கிறது, தொடை நாற்காலியில் அழுந்தியிருக்கிறது, மூச்சு வந்து போகிறது, இதை மட்டும் கவனியுங்கள். அப்புறம் மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் முன்பக்கமாக மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள், ஐந்தாறு முறை போதும். உங்கள் கணவர் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தானே தூக்க வேண்டும், வலிக்காத உயரம் வரைக்கும்தான், தோள் வரை வந்தாலே நல்லது. உதவி செய்கிறேன் என்று நீங்களோ பேரனோ அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு விலகி மாதக்கணக்கில் வலி நிற்கும். அவருடைய பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது.

உங்களுக்கு முக்கியம் தொடையின் முன்பக்கத் தசை. முழங்காலுக்கு வரும் சுமையைத் தாங்க அதுதான் பெரிதும் உதவுகிறது, வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் அது இளைத்துவிடும், இளைத்ததும் வலி கூடும், வலி கூடினால் நடை இன்னும் குறையும். உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக மடக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. அடுத்தது, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்காருவது. தலையணை போட்டு இருக்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் முட்டிக்குச் சிரமம் இருக்காது, தேவைப்பட்டால் கை ஊன்றுங்கள். கடைசியாகச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து வரும் பாட்டிகளை வாராவாரம் பார்க்கிற எனக்கு அந்த ஒரு வரி மிகவும் பிடிக்கும்.

எவ்வளவு வலி வரைக்கும் செய்யலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். தசை இழுக்கிற மாதிரி இருந்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும், செய்வதற்கு முன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால் அன்று அளவு மீறிவிட்டீர்கள், நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள்.

பி.பி. இருப்பதால் மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகம் வேண்டாம், வேகமாக வயிற்றை உதறி மூச்சு விடும் கபாலபாதியும் வேண்டாம், தலைகீழாக எதுவும் வேண்டாம். மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதனால் எழுந்து நாற்காலியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்ற பிறகே அடி எடுத்து வையுங்கள். சுகர் மாத்திரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யோகாவை வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பயிற்சியில் இறங்கினால் சர்க்கரை இறங்கி வியர்த்து மயக்கம் வந்துவிடும். உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை, சாயங்காலம் சிற்றுண்டி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துச் செய்வது பத்திரம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: கண் அழுத்த நோய் இருந்தால் தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்களும், எலும்பு வலுவிழந்திருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனிவதும் முறுக்குவதும் ஆகாது.

மூச்சுப் பயிற்சி எளிது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் அது ஆறு தடவையாகக் குறைகிறது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும், அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். எண்ணிக்கை மூச்சு முட்ட வைத்தால் எண்ணாதீர்கள், உங்களுக்கு வருகிற அளவில் விடுங்கள். இதை நம்பி பி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கனத்துப்போகும்.

இப்போது மைண்ட்ஃபுல்னெஸ் என்று எல்லோரும் பேசுவதும் இதன் தொடர்ச்சிதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் அதை ஒரு பயிற்சியாகத் தொடங்கினார், தீராத வலியோடு இருந்தவர்களுக்காக. மனதைக் காலியாக்க வேண்டும் என்று நினைத்து நிறையப் பேர் தோற்றுப்போய் விட்டுவிடுகிறார்கள். காலியாக்க வேண்டியதில்லை, இப்போது என்ன நடக்கிறதோ அதன் பக்கத்தில் இருந்தால் போதும். முருங்கைக்கீரை ஆய்கிறீர்கள் என்று வையுங்கள். காம்பை ஒரு கையில் பிடித்து மறு கையால் உருவும்போது விரலில் படும் ஈரம், உதிர்ந்த இலையின் பச்சை வாசம், பழுத்ததை ஒதுக்கும் கண். நடுவில் மனசு மகளுக்கு வந்த போனுக்கு ஓடும், ஓடட்டும், திட்டாமல் கீரைக்குக் கூட்டி வாருங்கள். அப்படிக் கூட்டி வருவதுதான் பயிற்சியே. முட்டி வலிக்கும் இது உதவும். படி ஏறுவதற்கு முன்னாலேயே "ஐயோ, வலிக்கப்போகிறதே" என்று தோளும் வயிறும் இறுகிவிடுகின்றன இல்லையா, அந்த இறுக்கத்தைக் கவனித்துத் தளர்த்திவிட்டு ஏறிப் பாருங்கள். கண்ணை மூடினால் படபடப்பாக இருந்தால் திறந்தபடியே செய்யுங்கள். உங்கள் கணவர் எதிலும் ஆர்வமில்லாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது சோம்பல் அல்ல. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேரனை அரை மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்லாதீர்கள், பாவம். மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றின் மேல் அவனுடைய சின்னக் கார் பொம்மையை வையுங்கள், அது மேலே ஏறி இறங்குவதை அவன் பார்க்கட்டும், மூன்று நிமிடம் நிச்சயம் கிடப்பான். அவன் ஒற்றைக்காலில் விருட்சாசனம் நிற்கும்போது நீங்கள் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் குதிகாலை மட்டும் தூக்கி விரல் நுனி தரையில் பட நின்றால் உங்களுக்கும் அது அதே ஆசனம்தான். தாத்தாவுக்கு எண்ணிக்கை சொல்லும் வேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

மறுபடி வகுப்புக்குப் போக ஆசை இருந்தால் தாராளமாகப் போகலாம். சேர்வதற்கு முன்னால் உங்களுக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்கிற ஆசிரியரைத் தேடுங்கள், கேட்காதவரிடம் வேண்டாம். பயிற்சியின்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், புதிதாகக் கை கால் மரத்துப்போதல் என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தினமும் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். முட்டி வீக்கம் நன்றாக வடிந்த பிறகு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பேரனை எண்ணச் சொல்லிக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒன்றுகூட முடியவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள், தப்பில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணி, இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள்.