யாருடைய முறை? – கடிதம்

அன்புள்ள அம்மா,

பல ஆண்டுகளாக உங்கள் எழுத்தைப் படித்துவருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பத்து மாதங்களுக்கு ஜப்பான் போயிருக்கிறான். நாகானோ பக்கம் ஒரு சிறிய ஊர். ஒரு ஜப்பானியக் குடும்பம் அவனை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறது. நல்லவர்கள்தான். ஆனாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நாங்கள் சைவம், அங்கே சூப்பில்கூட மீன். வீட்டில் எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில் மாறி மாறிக் குளிக்கிறார்களாம். எல்லாவற்றையும்விட, பள்ளியில் தினமும் வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறான். போன வாரம் கழிப்பறை கழுவினானாம். சாப்பிட்ட தட்டைக்கூட இங்கே அவன் எடுத்ததில்லை. அதற்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறது. இதற்கா இவ்வளவு தூரம் அனுப்பினோம்? ஒரு படிப்பு ஆண்டும் வீணாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. பாதியில் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கண்காணாத தேசத்தில் பிள்ளை என்ன சாப்பிட்டானோ என்று தாய் படுக்கையில் புரள்வதை நான் கேலி செய்ய மாட்டேன். என் மகள் விடுதிக்குப் போன புதிதில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்தவள்தான் நானும். அந்தப் பயத்தோடு எனக்குச் சண்டையில்லை.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு, அழுக்குப் போகக் குளித்து முடித்த பிறகுதான் அங்கே தொட்டிக்குள் இறங்குகிறார்கள். அந்த வெந்நீர் ஊறுவதற்கு, அழுக்குத் தேய்ப்பதற்கு அல்ல. படிப்பு ஆண்டு வீணாகிறது என்பதைப் படித்துச் சிரித்தேன். நீட் தேர்வுக்காகப் பிள்ளைகளை இரண்டு மூன்று ஆண்டுகள் பயிற்சி மையத்தில் அடைத்துவைக்க நாம் தயங்குவதே இல்லை. ஜப்பானில் கழியும் பத்து மாதம் மட்டும் வீணா?

பேசுவதில்லை என்கிறீர்கள். அவன் நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் அந்த வீட்டு அம்மாள் எழுந்து, தன் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் மதியச் சோற்றுப் பெட்டி கட்டுகிறார். இப்படிப்பட்ட மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் மூத்தவற்றுள் ஒன்று ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களிடமிருந்து வளர்ந்து, 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கிய அமைப்பு அது. வீட்டில் இடம் கொடுக்கும் குடும்பங்கள் அங்கே கூலி வாங்குவதில்லை. உங்கள் பையனின் வீட்டாரும் அநேகமாக அப்படித்தான் இருப்பார்கள். அவன் பள்ளிக்குப் போய், வாசல் அலமாரியில் வெளிக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போடும் காலணியை மாட்டிக்கொள்கிறான். ஐம்பது நிமிட வகுப்புகள் ஆறு. புதிதில் பாதிக்கு மேல் புரியாது. மாலையில் விளையாட்டோ இசையோ ஏதாவதொரு கிளப். வீடு திரும்பி, சாப்பிட்டு, அந்தத் தொட்டியில் ஊறி எழும்போது அங்கே மணி பத்து, உங்களுக்கு மாலை ஆறரை. நாள் முழுக்க அந்நிய மொழியைக் காதில் வாங்கியவனுக்குத் தலை கனக்காதா? ஐந்து நிமிடம் பேசுகிறானே, அதுவே பெரிது.

இனி கழிப்பறைக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு எங்கள் பகுதிப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மாணவர்களே முறைவைத்து வகுப்பறையைச் சுத்தம் செய்யலாமே என்று ஓர் இளம் ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். "எங்கள் பிள்ளை என்ன தோட்டியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டமே தலையாட்டியது. நீங்கள் "அதற்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறது" என்று எழுதியிருப்பதும் அதே குரல்தான், கொஞ்சம் நாகரிகமாக. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறதா? அவருக்குக் காபி எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள்? அந்த டம்ளர் எங்கே கவிழ்த்து வைக்கப்படுகிறது?

ஜப்பானில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் மகளின் பள்ளியில் இந்த வேலையை நின்று பார்த்தேன். பாடம் முடிந்ததும் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து, எல்லாவற்றையும் பின்சுவரோரம் தள்ளினார்கள். நான்கு பேர் பெருக்கினார்கள். வெளித் தாழ்வாரத்தில் மூன்று பையன்கள் ஈரத் துணியைத் தரையில் விரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கோடி வரை குனிந்தபடியே ஓடினார்கள். யார் முந்துவது என்று போட்டி வேறு. ஓர் ஆசிரியர் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரத்தில் முடிந்தது. சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது: எந்தக் குழு, எந்த வாரம், எந்த இடம். கழிப்பறையும் அதில் ஓர் இடம். சில பள்ளிகள் கழிப்பறைக்கு மட்டும் வெளியாள் வைத்திருப்பதாக நண்பர் சொன்னார்.

ஜப்பான் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. அங்கும் தீண்டாமை இருந்தது. தோல், இறைச்சித் தொழில்களைச் செய்த புராகுமின் மக்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1871இல் அரசாணை அந்த இழிவை நீக்கியது, காகிதத்தில். அவர்கள் வாழும் ஊர்ப் பெயர்களின் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கி, வேலை கேட்டு வந்தவர்களைச் சலித்தது 1975இல் அம்பலமானது. 2016இலும் அதற்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில், பள்ளித் துடைப்பத்தை எல்லாக் கைகளுக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். நம்மால் அதுகூட முடியவில்லை.

நான் படித்த பள்ளியிலும் சுத்தம் செய்தோம். பெண்கள் பெருக்குவோம், பையன்கள் தண்ணீர் எடுத்து வருவார்கள். கழிப்பறைக்கு மட்டும் எந்நாளும் அதே இரண்டு பெயர்கள்தான் கூப்பிடப்படும். ஒருவன் சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருக்கும். அந்த இருவரையும் குடிதண்ணீர்ப் பானைக்கு அருகில் விடமாட்டார்கள். காரணத்தை யாரும் சொன்னதில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. பழைய கதை என்று நினைக்காதீர்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை கைதானது 2022இல். அந்தப் பெற்றோர் "என் பிள்ளை துடைப்பத்தைத் தொடக் கூடாது" என்று சொன்னால் அவர்கள் பக்கம் நிற்பேன். தலைமுறை தலைமுறையாகத் திணிக்கப்பட்டதை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் சொல்வதும் அதே வாக்கியம்தான். ஆனால் உங்கள் பிள்ளையின் பெயரை யாரும் தனியாகப் பொறுக்கி எடுக்கவில்லையே! அவன் குழுவின் முறை வந்தது, கழுவினான். அடுத்த வாரம் வேறு குழு. அந்த ஊர்க் கடைக்காரர் மகனும் டாக்டர் மகளும் அதே பிரஷ்ஷைப் பிடிப்பார்கள்.

காந்தியை இங்கே இழுக்கப்போவதில்லை. அவரை இழுத்து இழுத்தே அவர் சொன்னதைக் கேட்காமல் தப்பித்துக்கொண்டோம்.

ஒன்று கேட்கிறேன். அவன் இதையெல்லாம் உங்களிடம் எந்தக் குரலில் சொன்னான்? அழுதானா? அழுதிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள். ஐந்தே நிமிடத்தில் அவன் இதைச் சொல்லத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்றால், எனக்கென்னவோ பெருமையடித்தான் என்றுதான் படுகிறது.

மீன் விஷயத்தை விட்டுவிட்டேன். அவர்கள் சூப்புக்குச் சாறு இறக்குவது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில். கொம்பு என்கிற கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் இறக்குவதுண்டு. புத்த மடங்களின் சமையலில் அதுதான் வழக்கம். வேண்டுமென்றால் அவனே அந்த அம்மாளிடம் கேட்டுக்கொள்ளட்டும், அரைகுறை ஜப்பானிய மொழியிலேயே. நீங்கள் இங்கிருந்து அவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள்.